மூணாம் பக்கம்

ஏ பிரிவுப் பெயர்களைப் பெரிய டீச்சர் வாசிக்க ஆரம்பித்தபோது செண்பகவல்லி காதே கொடுக்கவில்லை. எதற்குக் கொடுக்க வேண்டும்? அவள் பேரும் அதில் வராது, கனி பேரும் வராது. அதற்கு வேண்டிய ஏற்பாட்டையெல்லாம் ரெண்டு பேருமாகச் சேர்ந்து ஏப்ரல் மாசமே செய்து முடித்தாயிற்று. சி பிரிவு வரும்வரைக்கும் வெயிலில் நிற்க வேண்டியதுதான் பாக்கி. ஜூன் மாசம் என்று பேர்தான், கோவில்பட்டி வெயிலுக்கு அதெல்லாம் தெரியுமா? புதுச் செருப்பு சுண்டுவிரலைக் கடித்தது. பனையடிப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து அறுபது பிள்ளைகள். இங்கே ஆறாம் வகுப்புக்கு மட்டும் நூற்றைம்பது பேர், அத்தனையும் பொம்பளைப் பிள்ளைகள், அத்தனைக்கும் ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். இந்தக் கூட்டத்தில் கனியை மட்டும் தவறவிட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் செண்பகத்துக்கு வேண்டியது. கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, கனியோடு போய்த் தேடிக்கொள்ளலாம். டீச்சர் அடித்தாலும் பரவாயில்லை, கனி பக்கத்தில் இருந்து கையை ஊதிவிடுவாள். ஏ, பி, சி என்று மார்க்கை வைத்துப் பிரித்துப் போட்டுவிடுவார்கள் என்று எட்டாம் வகுப்பு அக்கா ஒருத்தி பஸ்ஸில் சொன்ன அன்றைக்குக் கனி என்ன அழுகை அழுதாள்! “நீ ஏ-க்குப் போயிருவே. எனக்குப் பின்னம் வராது. நான் சி-யில கெடந்து சாவேன்.” மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னாள். நுழைவுப் பரீட்சைத் தாளில் மூன்று பக்கம், மூணாம் பக்கம் முழுக்கப் பின்னக் கணக்கு என்றும் அந்த அக்காதான் சொன்னது. அப்புறம் என்ன, யோசிக்கவே இல்லை. மூணாம் பக்கத்தை ரெண்டு பேருமே தொடக் கூடாது. தொட்டால்தானே மார்க்? மார்க் இருந்தால்தானே ஏ பிரிவு?

“பி. சுயம்புக்கனி.” செண்பகத்துக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அட, இந்தப் பேரில் இன்னொருத்தியும் இருக்கிறாளா, கனியிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாளே என்று திரும்பினாள். மூன்று வரிசை தள்ளி நின்ற கனி அங்கே இல்லை. அவள் நின்ற இடத்தில் இன்னொரு பிள்ளை நகர்ந்து வந்து நின்றுகொண்டிருந்தது. கனி நடந்துகொண்டிருந்தாள். நீலப் பை, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த நடை, இடது சடையில் மட்டும் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. ஏ பிரிவு வரிசையில் போய் நின்றாள். தப்பாகப் போகிறாள், இனிஷியல் வேறாக இருக்கும், இப்போது திருப்பி அனுப்புவார்கள் என்று செண்பகம் பார்த்துக்கொண்டே இருந்தாள். திருப்பி அனுப்பவில்லை. ஏ பிரிவு வரிசையை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், பெரிய டீச்சர் பி பிரிவுப் பெயர்களுக்குப் போய்விட்டார். சரி, போகட்டும், டீச்சர்மார்தான் மார்க்கை மாற்றிப் போட்டிருப்பார்கள், நூற்றைம்பது தாளில் ஒரு தாள் மாறுவது பெரிய காரியமா? ஆனால் கனி திரும்பிப் பார்க்கவில்லையே. தப்பாகக் கூப்பிட்டிருந்தால் அவளுக்கும் திகைப்பாக இருந்திருக்கும், திரும்பி ‘ஏட்டி, என்னட்டி இது’ என்று கண்ணாலேயே கேட்டிருப்பாள். நாய் குரைத்தாலே திரும்பிச் செண்பகத்தின் கையைப் பிடிக்கிறவள். பேரைக் கூப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள் என்றால்? கூப்பிடுவார்கள் என்று தெரிந்து நின்றவள் மாதிரி அல்லவா போனாள்? சீச்சீ, அப்படி இருக்காது. சி பிரிவில் பதினேழாவதாக “எஸ். செண்பகவல்லி” என்றார்கள். அவள் அசையாமல் நிற்க, பின்னால் இருந்தவள் முதுகில் குத்தி, “ஏய், நீதானே?” என்றாள்.

மாடிப்படி ஏறும்போதும் அதே நினைப்பு. படி உயரமாக இருந்தது, முன்னால் போகிற பிள்ளையின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். பரீட்சை அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து ஒரு தரம் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது. அன்றைக்குக் கனி இவளுக்கு முந்தின பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். முதல் பக்கம் கூட்டல் கழித்தல். ரெண்டாம் பக்கம் பெருக்கல் வகுத்தல். செண்பகம் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு மூணாம் பக்கத்தைத் திருப்பினாள். முக்காலும் காலும் கூட்டினால் எவ்வளவு? இதெல்லாம் ஒரு கேள்வியா? ஒன்று என்று கை தானாகவே எழுதப் போயிற்று. பேனாவை மூடிவைத்துவிட்டு ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பத்துக் கணக்கையும் மனசுக்குள் போட்டுமுடித்தாகிவிட்டது, விடைகள் வாய்வரைக்கும் வந்து நின்றன. மேற்பார்வைக்கு வந்த டீச்சர், “எழுதும்மா, நேரம் கெடக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதவில்லை. எழுதினால் கனி என்ன ஆவாள்? அப்போது நிமிர்ந்து பார்த்தாள் அல்லவா? பார்த்தாளே. கனியின் முழங்கை அசைந்துகொண்டே இருந்தது. தாளைச் சுவர்ப்பக்கமாகச் சாய்த்து வைத்து, இடது கையால் அணை கட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இல்லை, தெரிந்தது. தாளின் அடியில் முதல் ரெண்டு பக்கமும் மடிந்து கிடந்தது தெரிந்தது. பாவம், சும்மா உட்கார்ந்திருந்தால் டீச்சர் வைவார் என்று பூப்படம் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுதானே அன்றைக்கு நினைத்தாள்? பூப்படமாம்! பூப்படம் போடுகிறவள் எதற்குத் தாளை மறைக்க வேண்டும்? ஆக, அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்து வந்திருக்கிறாள். நல்ல கூத்துதான்.

பெஞ்சில் நாலு பேர். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு வேப்பெண்ணெய் வாடை. “ஓம் பேரு என்னா?” என்று அது கேட்டது. செண்பகம் கேட்காத மாதிரி பலகையில் யாரோ காம்பஸ் முனையால் செதுக்கியிருந்த பேரைத் தடவிக்கொண்டிருந்தாள். அஞ்சு வருஷம் அவளுக்கு இடப்பக்கம் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ரெண்டாம் வகுப்பில் ஒருநாள் கனி உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். தரையெல்லாம் ஓடுகிறது, பின்னால் பையன்கள் கிசுகிசுக்கிறார்கள், கனியின் முகம் வெளிறிப்போய்விட்டது. செண்பகம் எழுந்துபோய்க் குடிதண்ணீர்ப் பானையில் ரெண்டு செம்பு மொண்டு தன் பாவாடையிலும் கனி பாவாடையிலும் தரையிலும் கொட்டிவிட்டு, “சார், பானைகிட்ட ரெண்டு பேரும் வழுக்கிட்டோம் சார்” என்றாள். பிரம்படி ஆளுக்கு ரெண்டு. கனிக்கு விழுந்தது சும்மா பேருக்கு, செண்பகத்துக்கு விழுந்ததுதான் உறைத்தது, செம்பு அவள் கையில்தானே இருந்தது. சாயங்காலம் கனியின் அம்மா சுடச்சுட இடியாப்பம் பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி, “எந்தாயீ, நீ இவளுக்குக் கூடப்பிறந்தவளா இருந்திருக்கணும்” என்று தலையைத் தடவினாள். அந்த அம்மாள் மேல்தான் கனி சத்தியம் பண்ணினாள். “எங்கம்மா மேல சத்தியமா மூணாம் பக்கத்தத் தொடமாட்டேன்.” பதிலுக்குச் செண்பகம் அவள் உள்ளங்கையில் ஓங்கி அடித்து, “எங்கப்பா மேல சத்தியம்” என்றாள். சத்தியம் தவறினால் தலை வெடித்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படியானால் கனியின் அம்மாவுக்கு இந்நேரம் என்ன ஆகியிருக்கும்? காலையில் பஸ் ஏற்றிவிட வந்தபோது நன்றாகத்தான் இருந்தாள், கனிக்கு ரிப்பனை இழுத்துக் கட்டிவிட்டாள். பரீட்சை முடிந்து மூணு வாரம் ஆகிவிட்டது, வெடிப்பதாக இருந்தால் எப்போதோ வெடித்திருக்கும். ஏமாற்றியவள் அங்கே ஏ பிரிவில் காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் அம்மா நல்லா இருக்கணுமே என்று சாமியை வேண்டிக்கொண்டு இவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். இவளை மாதிரி ஒரு மடச்சி உண்டா?

எங்கே கற்றுக்கொண்டாள், அதுதான் பிடிபடவில்லை. ஏப்ரல் வரைக்கும் அரைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது. அரையில் ரெண்டு, காலில் நாலு, அதனால் கால்தான் பெரிசு என்பாள். புளியங்கொட்டையை வைத்துச் சொல்லிக்கொடுத்தாயிற்று, கொய்யாப்பழத்தை வெட்டிக்காட்டியாயிற்று, வெட்டிய பழத்தைத் தின்றுவிட்டுச் சிரிப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு மாசத்தில் பத்துக் கணக்கு போட்டுவிட்டாள் என்றால் யாரோ உட்கார்த்திவைத்து உருவேற்றியிருக்கிறார்கள். மே மாசம் முழுக்க அவள் ஊரிலேயே இல்லை. தூத்துக்குடியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். “ஒரே வெளையாட்டு, கடல்ல போயி குளிச்சேன், தெனமும் ஐஸு” என்று வந்து சொன்னாள். குளித்தவள் கறுத்துப் போகவே இல்லையே என்று அப்போதே தோன்றியது, சொல்லவில்லை. அத்தை டீச்சர். ஐயோ, அத்தை டீச்சர் அல்லவா! அது எப்படி மறந்துபோயிற்று? போன பொங்கலுக்கு வந்திருந்தபோது ரெண்டு பேரையும் நிற்கவைத்துப் பதினாறாம் வாய்பாடு கேட்டாரே, கண்ணாடி போட்டுக்கொண்டு. அந்த அத்தை வீட்டில் கடலாவது ஐஸாவது. காலையும் மாலையும் பின்னம்தான் நடந்திருக்கும். வரும்போது செண்பகத்துக்கு ஒரு டப்பா மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்தாள். வாயில் போட்டதும் கரைந்தது. ஒரே நாளில் தின்னக் கூடாது என்று எடுத்துவைத்து எடுத்துவைத்துத் தின்றாள், கடைசி ஒன்றைத் தம்பிக்குக்கூடக் கொடுக்கவில்லை. அவள் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தபோது கனி பக்கத்தில் உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லாருக்கா, நல்லாருக்கா” என்று மூன்று தரம் கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ‘ஏட்டி, எனக்கு இப்ப பின்னம் வருது, நீயும் எழுது’ என்று ஒரே ஒரு வார்த்தை. பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது. நாலு நாளும் ஒன்றாகத்தான் தட்டாங்கல் ஆடினார்கள். அந்த நாலு நாளில் ஒரு நிமிஷம்கூடவா வாய் வரவில்லை?

“யாரு இங்க செண்பகவல்லி?” லூர்துமேரி டீச்சர் எப்போது வந்தார், எப்போது எல்லோரும் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் தெரியவில்லை. பக்கத்துப் பிள்ளை இடித்தது. போய் நின்றாள். மேஜைமேல் அவளுடைய பரீட்சைத் தாள். டீச்சர் குண்டாக, வேர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, கோபமில்லாத முகமாக இருந்தார். “மொத ரெண்டு பக்கமும் ஒரு தப்பு இல்ல. மூணாம் பக்கம் வெள்ளையா இருக்கு. ஒண்ணு ரெண்டாவது எழுதிப் பாத்திருக்கணும்ல? என்ன ஆச்சு, ஒடம்பு சரியில்லையா?” செண்பகம் தாளையே பார்த்தாள். முக்கால் கூட்டல் கால். சொல்லிவிடலாம். ரெண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டோம் டீச்சர் என்றால் அடுத்த கேள்வி ‘யாரு ரெண்டு பேரும்?’ என்றுதான் வரும். கனியைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் நாளே விசாரணை என்றால் அவள் பயந்து செத்துவிடுவாள், அவளுக்குப் பயம் வந்தால் என்ன ஆகும் என்றுதான் தெரியுமே. “பின்னம் தெரியாது டீச்சர்” என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தன்மேலேயே எரிச்சல் வந்தது, இப்போதும் அவளையா காப்பாற்றுகிறாய்? டீச்சர் நம்பவில்லை. “இப்பிடி வகுத்திருக்கிற பிள்ளைக்குப் பின்னம் தெரியாதா? சரி, பயப்படாத. ஏ பிரிவுல ஒரு பிள்ளை டி.சி. வாங்கிட்டுப் போயிருச்சு. ஒரு எடம் காலியா இருக்கு. இன்டர்வெல் முடிஞ்சு வா, இந்தப் பக்கத்தப் போட்டுக் காட்டு. பெரிய டீச்சர்கிட்ட நான் பேசுதேன்.” ஒரு இடம்! அதற்கப்புறம் டீச்சர் பலகையில் எழுதியது ஒன்றும் செண்பகத்தின் கண்ணில் படவில்லை. ஒருவேளை கனி அத்தைக்குப் பயந்து எழுதியிருப்பாள். கண்ணாடி போட்ட அந்த அத்தை ‘எழுதாம வந்தே, தோலை உரிச்சிருவேன்’ என்று சொல்லியிருக்கும். எழுதிவிட்டு, சொல்லவும் முடியாமல் மூணு வாரமாகத் தூக்கம் இல்லாமல் கிடந்திருப்பாள். அழுவாள், மூக்கு ஒழுக அழுவாள். அழுதால் போதும். ‘போட்டி மடச்சி, ஏ-யில ஒரு எடம் இருக்கு, நானும் வந்திருதேன்’ என்று சொல்லிவிடலாம். ஒரு அழுகை, அவ்வளவுதான் பாக்கி. மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்தாள்.

மணி அடித்ததும் ஓடினாள். குழாயடியில் கனி நின்றுகொண்டிருந்தாள், கூட ரெண்டு பிள்ளைகள், ஒருத்தி கையில் கடிகாரம் கட்டியிருந்தாள். கனி சிரித்துக்கொண்டிருந்தாள். செண்பகத்தைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. “ஏட்டி, எங்க போனே நீ? எங்க கிளாசுல ஒன்னக் காணமேன்னு தேடுனேன்” என்றாள். செண்பகத்துக்கு மூச்சு வாங்கியது. “நான் சி பிரிவு.” “சி-யா? நீயா?” கனியின் கண் பெரிதாயிற்று. நடிப்பு இல்லை, அது செண்பகத்துக்குத் தெரியும், அஞ்சு வருஷமாகப் பார்க்கிற கண். “அப்ப மூணாம் பக்கம்? நீ எழுதலியா? நெசமாவே எழுதலியா?” “சத்தியம் பண்ணுனோம்லட்டி?” “இல்லட்டி…” கனி குழாயைத் திறந்து மூடினாள். “நீ எழுதிருவேன்னுல்லா நெனச்சேன். எங்கம்மாவும் அதான் சொன்னா. ‘அவ நல்லாப் படிக்கிற பிள்ள, இப்ப சரிம்பா, பரீட்சையில எழுதிட்டுப் போயிருவா, நீதான் ஏமாந்து நிப்பே’ன்னு. அதான் அத்தைகிட்டப் போயிப் படிச்சேன். நீ என்னைய விட்டுட்டுப் போயிரக் கூடாதுல்ல?” அழவே இல்லை. ஒரு நியாயத்தைச் சொல்லுகிற மாதிரி சொன்னாள். கடிகாரக்காரி, “யாரு கனி இது?” என்று கேட்டாள். “எங்க ஊருப் பிள்ள” என்றாள் கனி. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று செண்பகத்துக்கும் தெரியவில்லை, ஆனால் அது இல்லை. தண்ணீர் குடிக்காமலே திரும்பினாள். “செம்பா, ஏட்டி, சாயங்காலம் பஸ்ஸுக்கு நிப்பேல்ல?” என்று பின்னால் குரல் வந்தது. அவள் நிற்கவில்லை.

எழுதிருவேன்னு நெனச்சேன். படி ஏறினாள். எழுதிருவேன்னு நெனச்சேன். இதற்கு அவள் வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏ பிரிவு மேல் ஆசை வந்துவிட்டது, சொல்ல வெட்கமாக இருந்தது என்று சொல்லியிருந்தால் ரெண்டு அடி அடித்துவிட்டுப் போயிருக்கலாம். தட்டாங்கல் ஆடிய நாலு நாளும், மக்ரூன் தின்ற நேரமும், பஸ்ஸில் தோளில் சாய்ந்து தூங்கியபோதும் இவள் ஏமாற்றிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே அல்லவா கூட இருந்திருக்கிறாள்? அதனால்தானே அப்படி வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்? அந்த அம்மாளும் அப்படித்தான், கூடப்பிறந்தவளா இருந்திருக்கணும் என்று சொன்ன அதே வாயால். அவளுக்குத் தலை வெடிக்காமல் இருக்கணுமே என்று காலையில் வேண்டிக்கொண்டதை நினைத்தபோதுதான் செண்பகத்துக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனாள். டீச்சர் தாளை நீட்டினார். மேஜை ஓரத்தில் நின்றுகொண்டே எழுதினாள், ஒன்று, ஒன்றேகால், அரை, கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. டீச்சர் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகக் குறி போட்டுக்கொண்டே வந்து கடைசியில் நிமிர்ந்து பார்த்தார். “கள்ளி! பின்னம் தெரியாதுன்னா சொன்னே? எடு பையை. பெரிய டீச்சர்கிட்டப் போவோம்.” செண்பகம் பையை எடுக்கவில்லை. “நான் இங்கயே இருக்கேன் டீச்சர்.” “ஏட்டி, பைத்தியமா ஒனக்கு? அவனவன் ஏ பிரிவுக்குச் சிபாரிசு புடிச்சிக்கிட்டு அலையுதான். புது எடம்னு பயமா? இப்பத்தான் போயி விசாரிச்சிட்டு வாரேன், அங்க காலியா இருக்கிறது ஒங்க பனையடிப்பட்டிப் பிள்ளை பக்கத்துலதான், சுயம்புக்கனி. அவகூட உக்காந்துக்கோ, அப்புறம் என்ன பயம்? அவளைத் தெரியும்ல ஒனக்கு?” வகுப்பு முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. செண்பகம் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள்.

“ஊரு ஒண்ணுதான் டீச்சர். அவளைத் தெரியாது.”